பதினோராம் கட்டம்

முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நான். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். ஐம்பத்துநாலு படி. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரித்து முடித்ததும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கடைசியாக அந்தப் படிகளில் ஏறி என் வீட்டு மணியை அடித்தவர் மின்சார மீட்டர் பார்க்கிறவர். அவரும் என்னைப் பார்க்க வரவில்லை.

மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. மகன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுவான். "சாப்பிட்டீங்களாப்பா" என்பான், சாப்பிட்டேன் என்பேன், அதோடு சரி. நல்ல பையன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. பேசவும் ஒன்றுமில்லை.

மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு, எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சின்னக் காட்டின் இரும்புக் கதவருகே ஐந்து பேர் கூடுவோம். நர்ஸம்மா, ரொட்டிக்கடைக்காரர், எதற்கெடுத்தாலும் சண்டை போட்டுக்கொள்ளும் ஒரு தம்பதி, நான். அதைப் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவித்த நகராட்சி, வேலி போட்டதோடு கைகழுவிவிட்டது. களை பிடுங்குவது, குப்பை பொறுக்குவது, அந்த மண்ணுக்கே உரிய செடிகளைத் திரும்ப நடுவது எல்லாம் நாங்கள்தான். சம்பளம் கிடையாது. ரொட்டிக்கடைக்காரர் கொண்டுவரும் முந்தின நாள் பன் உண்டு.

எங்களுக்குத் தலைவி நர்ஸம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். காட்டின் வரைபடத்தைப் பதினாலு கட்டமாகப் பிரித்து, கதவருகே ஒரு பலகையில் ஒட்டி வைத்திருந்தார். களை ஒழிந்த கட்டத்துக்குப் பச்சை அடிப்பார். எட்டு வருடத்தில் பதிமூன்று கட்டம் பச்சையாகிவிட்டது. பாக்கி, ஓடையோரத்தில் இருக்கும் பதினொன்று. அது என் பொறுப்பு.

களை என்றால் முக்கியமாக ஒரு கொடி. எவர் வீட்டு வேலியிலிருந்தோ தாவி வந்தது. மரத்தில் ஏறினால் மரத்தையே மூடி அமுக்கிவிடும். கொடியைப் பிடுங்கினால் மட்டும் போதாது, மண்ணுக்கடியில் சின்ன உருளைக்கிழங்கு அளவில் கிழங்கு இருக்கும். அதை விட்டுவிட்டால் அடுத்த மாதமே முளைத்துக்கொண்டு நிற்கும். "எத்தனை மூட்டை பிடுங்கினீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க, கிழங்கைக் காட்டுங்க" என்பார் நர்ஸம்மா.

போன மழைக்காலத்தில் ஒருநாள் பன் சாப்பிடும்போது அவர்தான் சொன்னார்.

"பதினொண்ணும் முடிஞ்சிட்டா நம்ம வேலை தீர்ந்தது. நகராட்சி எடுத்துக்கறேன்னு எழுதியே குடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் நிம்மதியா தூங்கலாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தத் தம்பதிகூட அன்றைக்கு ஒத்துப்போனார்கள். நான் மட்டும் பாதி பன்னைத் திரும்பப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து கிழங்கை விட ஆரம்பித்தேன். கிழங்கின் கழுத்தைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி, கொடியைச் சாக்கில் போட்டுவிட்டு, கிழங்கை முழங்காலால் மண்ணுக்குள் அழுத்திவிடுவேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நட்டைத் தளர்வாக விட்டவனில்லை நான். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் செய்தேன்.

கொடி திரும்பத் திரும்ப முளைத்தது. நர்ஸம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இந்த மண்ணுல ஏதோ இருக்கு லிஃப்ட் சார்" என்று சொல்லி, தானே என் பக்கத்தில் வந்து மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எதிர்பார்க்காத லாபம் அது.

ஏழு மாதம், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம். தூக்கத்தில் கணக்குப் பாடம் நடத்திய நோயாளியைப் பற்றி அவர் சொல்வார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, நான் கதவைத் திறந்தபோது நிதானமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த வக்கீலைப் பற்றி நான் சொல்வேன். மண் தோண்டும் கைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார். அடுத்த வாரம் சொல்ல என்ன இருக்கிறது என்று திங்கட்கிழமையே யோசிக்கத் தொடங்கிவிடுவேன். கட்டிய மனைவியிடம்கூட நான் அவ்வளவு பேசியதில்லை. அவர் தோண்டிய பக்கம் சுத்தமாகும், என் பக்கம் முளைக்கும். எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். "வயசாச்சுல்ல" என்பார். நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

ஒரு ஞாயிறு அவர் மண்டியிடவில்லை. ஓடையோரக் கல்லில் உட்கார்ந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

"அடுத்த வாரத்தோட நான் நிறுத்திக்கறேன். முட்டிக்கு ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் போன வருஷமே சொன்னார். பதினொண்ணு முடியட்டும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன். இப்ப முத்திப்போச்சாம். பண்ணாலும் பழையபடி நடக்க முடியாதுங்கறார். தங்கச்சி மக அவ ஊருக்கே வந்துடச் சொல்றா. அங்கேயே பண்ணிக்கிட்டு இருந்துட வேண்டியதுதான்."

ரொட்டிக்கடைக்காரர் ஏதோ சமாதானம் சொன்னார். நர்ஸம்மா என் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒண்ணைத்தான் முடிக்க முடியல. நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

திங்கள் முதல் சனி வரை தினமும் தனியாகப் போய்த் தோண்டினேன். விட்ட இடம் ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி. இரண்டு வாளி நிறைந்தது. வெள்ளிக்கிழமை மகன் கூப்பிட்டபோது, "ஒரு தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன். "மாத்திரை போட மறந்துட்டீங்களா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா கைத்தடியோடு வந்தார். மற்றவர்கள் கதவருகே நின்றுகொண்டார்கள். பதினோராம் கட்டத்தில் கொடியின் ஒரு இலைகூட இல்லை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அதற்குள் நான் ஓரமாக வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் இன்னொன்று.

"எல்லாம் பழைய காயம். ஆறித் தழும்பாயிருக்கு. யாரோ நகத்தால கிள்ளிட்டு விட்டிருக்காங்க."

"நான்தான்" என்றேன். "இது முடிஞ்சா நீங்கல்லாம் போயிடுவீங்களேன்னு..."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிழங்கை வாளியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என் வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?"

"ரெண்டு தெரு தள்ளி."

"எட்டு வருஷமா அங்க நானும் தனியாத்தான் இருக்கேன். வீட்டுக்கு வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்னு ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே லிஃப்ட் சார். எத்தனை படின்னு சொல்வீங்க?"

"ஐம்பத்துநாலு."

"ஏறியிருப்பேன்."

தடியை ஊன்றிக்கொண்டு கதவு வரை நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். பையிலிருந்து பச்சைப் பென்சிலை எடுத்து, பதினோராம் கட்டத்தைக் கோடு தாண்டாமல் மெதுவாக நிரப்பினார். மற்றவர்கள் கை தட்டினார்கள். நான் செய்ததைப் பற்றி நர்ஸம்மா அவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"கிளம்பறதுக்கு முன்னாடி இன்னைக்கு வாங்களேன்" என்றேன்.

பென்சிலை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து முட்டியை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"இன்னைக்கு எப்படி ஏறுவேன்?" என்றார்.