எழுந்தால் பூட்டு

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூட்டக்கா என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுவிட்டு யாராவது டீ குடிக்கப் போனால் போதும், ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் வைப்பவர்களுக்கு இரண்டு பாட்டம். அவள் வேலை பார்க்கும் பதிவறைக்கு ஒரே கம்ப்யூட்டர், ஒரே பாஸ்வேர்டு. அங்கே இருப்பதும் அவளும் டைப்பிஸ்ட் தம்பியும்தான். திட்டு வாங்கியே தம்பிக்குக் காது தடித்துப் போயிருந்தது.

அன்று இடமாற்ற மனுவுக்குக் கடைசி நாள். ஐந்து மணியை விட்டால் அடுத்த வருடம்தான். கணவரும் எட்டு வயது மகளும் ஓர் இரவு பஸ் தூரத்தில் வேறு ஊரில் இருந்தார்கள். மூன்று வருடமாக ஏதாவது ஒன்று தட்டிக்கொண்டே போனது. இந்த முறை மேலாளர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடவே மூன்றரை மணி ஆக்கிவிட்டார். மனுவில் அந்தக் கடிதத்தின் எண் ஒன்றுதான் பாக்கி. அதை வாங்கிவர எழுந்து ஓடினாள். ஓடிய அவசரத்தில் திரையைப் பூட்டவில்லை.

திரும்பி வந்தபோது திரையில் ஒரு மலைப்படமும் மணியும் மட்டும் இருந்தன. சீக்கிரம் போகப் பெர்மிஷன் வாங்கிக் கிளம்பிய தம்பி, அக்கா மறந்துவிட்டாளே என்று பூட்டிவிட்டுப் போயிருக்கிறான், மகராசன்.

பாஸ்வேர்டை அடித்தாள். தவறு என்றது. பழையது காலாவதியாகிக் காலையில் தம்பிதான் புதிதாகப் போட்டிருந்தான். அப்புறம் சொல்கிறேன் என்றவன் சொல்லவில்லை, பகலெல்லாம் அவனே திறந்து கொடுத்ததில் அவளும் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கீபோர்டைத் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தம்பியின் போன் அணைந்திருந்தது. கணினிப் பிரிவைக் கூப்பிட்டாள். உங்கள் மனு அந்த மெஷினில் மட்டும்தான் திறக்கும், எழுதிக் கொடுங்கள், காலையில் பாஸ்வேர்டை மாற்றித் தருகிறோம் என்றார்கள். காலையில் மனு எதற்கு என்று கெஞ்சினாள். அங்கிருந்தவர் வருத்தப்பட்டார், அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

நாலு ஐம்பத்தெட்டுக்குத் தம்பியே பேசினான். பல் டாக்டரிடம் இருந்தானாம்.

"அக்கா, மறந்துட்டீங்க. நான்தான் பூட்டினேன், பாத்தீங்களா?"

"பாஸ்வேர்டைச் சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல அடித்தாள். திரை திறந்தது. மனு அப்படியே இருந்தது. எண்ணைப் போட்டு அனுப்பு என்பதை அழுத்தினாள். நெடுநேரம் செயல்பாடு இல்லாததால் வெளியேற்றப்பட்டீர்கள் என்று ஒரு வரி வந்தது. மறுபடி உள்ளே போனபோது மணி ஐந்து ஒன்று.

தம்பியைத் திட்ட வாய் வரவில்லை. நான் சொன்னதைத்தானே செய்தாய் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஐந்தரைக்கு மகள் கூப்பிட்டாள்.

"இந்தத் தடவையும் அம்மாவால வர முடியலடா கண்ணு."

அழுவாள் என்று சமாதானத்துக்கு நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். மகள் அழவில்லை. பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசுவதுபோல் மரியாதையாகக் கேட்டாள்.

"சரிம்மா. அப்பாகிட்ட குடுக்கட்டுமா?"