முப்பத்தெட்டுக் கைகள்

...ஆக ஒத்திகை நடந்திருக்கிறது, நேற்று தன் முதுகுக்குப் பின்னால், என்று துயெத் டீச்சருக்கு விளங்கிவிட்டது, கேள்வியை முடிக்கும் முன்பே முப்பத்தெட்டுக் கைகள், விடை தெரிந்த பிள்ளை வலது, தெரியாத பிள்ளை இடது, பின்வரிசையில் அவள் பாடத்துக்கு மார்க் போட வந்து உட்கார்ந்திருக்கும் ஐந்து அதிகாரிகளுக்கு அதெல்லாம் வெறும் கைகள், ஆகா என்ன ஆர்வம்... வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னாளே, பிள்ளைகள் தாமே தேடிக் கண்டுபிடிக்கும் பாடத்துக்கு எவனாவது ஒத்திகை பார்ப்பானா, அன்றைக்கு அதைக் கேட்டுத் துணைத் தலைமையாசிரியர் கீயெம் சிரித்தார், "தங்கச்சி, இந்தத் தடவையும் மார்க் கொறஞ்சா உன்னை ஆத்துத் தீவுப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போட்ருவாங்க, தினம் ரெண்டு படகு மாறணும், பாத்துக்க" என்றார், அக்கறையாம்.

தட்டில் தண்ணீர், நடுவே மெழுகுவர்த்தி, கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தாயிற்று, சுடர் அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது, ஏன்... ஒரு வலது கையைக் கூப்பிட்டால் போதும், ஆக்ஸிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது, பதினொரு வருடமாக இவளே ஒப்புவிக்க வைத்த வரி, கைதட்டல், மதியம் வந்தவர்களோடு ஹூ தியேவ் நூடுல்ஸ், முடிந்தது கதை, ஆனால் தானும் ஒரு காலத்தில் இடது கைதானே, படிக்கிற காலத்தில் ஆறு வருடம் தூக்கியும் ஒரு டீச்சர்கூடக் கூப்பிடவில்லையே, ரெண்டு படகு மாறணும் என்றால் மாறிக்கொள்ளலாம், மூன்றாம் பெஞ்சில் ஒரு இடது கை, "ஒவான், நீ சொல்லு."

ஒவான் எழுந்தாள், வாசலில் நின்ற கீயெமைப் பார்த்தாள், அவர் கண்ணாலேயே அவளை உட்கார வைக்கப் பார்த்தார். "எனக்குத் தெரியாது டீச்சர்." பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எது தெரியவில்லையோ அதையே சொல் என்றாள் துயெத்.

"தீ எரியறப்போ தண்ணி ஏறவே இல்ல டீச்சர், அணையறப்போதான் சட்டுனு ஏறுச்சு. ஆக்ஸிஜன் தீந்ததாலன்னா மொதல்லேருந்தே கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கணுமே?"

அப்படியா ஏறியது... பதினொரு வருடம், எத்தனை மெழுகுவர்த்தி, ஒரு தடவையாவது தண்ணீரைப் பார்த்தாளா, பிள்ளைகளின் வாயைத்தானே பார்த்துக்கொண்டு நின்றாள், கீயெம் வாசலில் கையைச் சுழற்றுகிறார், மேலே போ, மேலே போ, போக மாட்டேன், குவளையைத் தூக்கினாள், மறுபடி பற்றவைத்தாள், "எல்லாரும் கிட்ட வாங்க" என்றாள், "நீங்களும் வாங்க ஐயா" என்று பின்வரிசையைப் பார்த்தும் சொன்னாள், யார் எழுந்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை, கவிழ்த்தாள், எரிகிறது, தண்ணீர் அசையவில்லை, இன்னும் அசையவில்லை, ஏன்... மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய இடது கை தானாக மேலே போகப் பார்த்தது.