நண்டு கடித்த தேர்தல்

1

இந்தக் கதை ஒரு ஆம்லெட்டிலிருந்து வந்தது.

டொமினிக்கன் குடியரசில், பிளாயா ஓந்தா என்ற ஊரில் ஒரு கடற்கரை ஹோட்டலில் காலைநேர ஆம்லெட் போடுவது என் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை, தட்டை நீட்டிக்கொண்டு நின்ற பேராசிரியர் ஒருவர் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே எங்கள் ஊர் ஆண்கள் வெளிநாட்டுப் பெண்களின் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்தக் கரீபியன் நாடுகளில் ஜனநாயகம் வந்தால் இதெல்லாம் குறையுமா?" என்று கேட்டார்.

"சார், முந்தாநாள்தான் இங்கே தேர்தல் நடந்தது" என்றேன்.

"வெங்காயம் வேண்டாம்" என்றார்.

ஆம்லெட் வேகும் நேரத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. எனக்குத் தமிழில்தான் யோசிக்க வரும். இங்கே தமிழில் பேச ஆளில்லை. அதனால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

2

முதல் தொடக்கம்: "அலைகள் கரையை முத்தமிட்டுக்கொண்டிருந்த அந்த"

நிறுத்திவிட்டேன். இந்தக் கரையில் அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "டொமினிக்கன் குடியரசின் ஜனநாயகத்தை ஆராயும்போது மூன்று காரணிகளை நாம்"

மூன்றாவது காரணி எனக்குத் தெரியவில்லை. முதல் இரண்டும் சந்தேகம்தான்.

மூன்றாம் தொடக்கம், இதை வைத்துக்கொள்வோம்: ரதாமேஸ் ஒரு சாங்கி. அதாவது கடற்கரையில் வெளிநாட்டுப் பெண்களைக் காதலித்துப் பிழைப்பவன். கெட்டிக்காரன். எல்லாப் பெண்களையும் "ராணி" என்றே கூப்பிடுவான். பெயர் மாறிப்போகும் ஆபத்து இல்லை.

ஆனால் முப்பத்தைந்து வயதாகிவிட்டது. தொப்பை எட்டிப் பார்க்கிறது. அவனுக்கு இந்தப் பிழைப்பை விட வேண்டும். வழி ஒன்றுதான் தெரிகிறது: ஜினேத். மொன்ட்ரியாலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், கணவனை இழந்தவள், மூன்று குளிர்காலமாக வருகிறவள். அவள் அவனைக் கல்யாணம் செய்து கனடாவுக்கு அழைத்துப் போக வேண்டும். அவ்வளவுதான் கதை. அழைத்துப் போவாளா, மாட்டாளா?

(இதே தொழிலில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். அதில் சிரிக்க ஒன்றும் வரவில்லை. எடுத்து வைத்திருக்கிறேன். மறந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.)

3

ரதாமேஸ் செய்த தப்பு, ஜினேத்திடம் எங்கள் நாட்டில் சர்வாதிகாரம் நடக்கிறது என்று சொன்னது.

"ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"சமையக்காரரே, 'எனக்கு வேலை இல்ல'ன்னு சொன்னா பாவம்னு ஒரு பீர் வாங்கித் தருவா. 'சர்வாதிகாரி எங்களை நசுக்குறான்'னு சொன்னா கட்டிப்பிடிச்சு அழுவா. காப்பாத்தணும்னு தோணும்ல?"

பிரச்சினை, கடற்கரையில் எல்லா சாங்கிகளும் இதையே சொல்லியிருந்தார்கள்.

அப்போது தேர்தல் வந்தது. ஊர் முழுக்கச் சிரிக்கிற முகங்களின் சுவரொட்டி. "ரதா, யார் இவங்கல்லாம்?" என்று ஜினேத் கேட்டாள்.

"பல் டாக்டருங்க, ராணி."

ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள், கொடி, கூத்து, ஊர்வலம்.

"இது?"

"கல்யாணம், ராணி."

"தினமுமா?"

"நாங்க ரொம்பக் காதலிக்கிற ஜனங்க."

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஜினேத் இவ்வளவு ஏமாளியா? பஸ் நிறையப் பிள்ளைகளைப் பனியில் ஓட்டிக்கொண்டு போனவள். அவளை முட்டாளாக்கினால் கதை சுலபமாகிவிடும், எனக்குத் தூக்கம் வராது. இப்போதைக்கு அவளை ஒரு குடையின் கீழ் உட்கார வைத்துவிட்டு அக்காவிடம் போகிறேன்.

ரதாமேசின் அக்கா யுபெல்கிஸ். தெருமுனையில் கோழி பொரிக்கிறாள். அந்தத் தேர்தலில் ஊர்மன்றத்துக்கு நின்றாள். அவளுடைய ஒரே வாக்குறுதி: கடற்கரையில் ஒரு மீன் குளிர்ச்சாலை, எல்லாருக்கும் வேலை, சாங்கித் தொழிலுக்கு முழுக்கு. பேராசிரியர் கேட்டிருந்தால் அழுதிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அவளுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் சாங்கிகள்தான். "அக்கா ஜெயிச்சா நாம ஒழிஞ்சோம்! அக்காவுக்கே ஓட்டு!"

ரதாமேஸ் மட்டும் பதுங்கினான். இங்கே ஓட்டுப் போட்டால் ஆள்காட்டி விரலை நீல மையில் முக்கி எடுப்பார்கள். பல நாளைக்குப் போகாது. சர்வாதிகாரத்தில் வாடுகிறவன் நீல விரலோடு போய் நின்றால்?

யுபெல்கிஸ் கோழிக் கரண்டியோடு வந்தாள்.

"டேய், ஓட்டுப் போடலியாமே?"

"அக்கா, விரலு..."

"விரலா? சின்ன வயசுல உன் மூக்கைத் தொடச்ச விரலு இது. எனக்கு ஒரு ஓட்டுல போச்சுன்னு வை, அந்த வெள்ளைக்காரி முன்னாடியே உன்னைப் பொரிச்சுருவேன்."

"கனடா கைநழுவிப் போயிருச்சுன்னா?"

"என்கூடக் கோழி பொரி. போடா வரிசைக்கு!"

போட்டான்.

5

(ஓர் ஆராய்ச்சிக் குறிப்பு. தேர்தலுக்காக சனிக்கிழமையிலிருந்தே இங்கே பீர் விற்கத் தடை. அந்த இரண்டு நாளும் சாங்கித் தொழில் படுத்துவிட்டது. பீர் இல்லாமல் எங்கள் ஆட்களின் காதல் வசனத்தை எவளாலும் முழுசாகக் கேட்க முடியாது. ஆக, ஜனநாயகம் அதைக் குறைத்தது, திங்கட்கிழமை வரை. பேராசிரியர் விரும்பினால் இதை எடுத்துக்கொள்ளலாம்.)

6

எலுமிச்சை தேய்த்தான், மண் தேய்த்தான், சலவைத்தூள் தேய்த்தான். தோல் வந்தது, மை வரவில்லை. கடைசியில் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடற்கரைக்கு வந்தான்.

"என்ன ஆச்சு, ரதா?"

"நண்டு கடிச்சிருச்சு, ராணி."

ஜினேத் பதறி விரலைப் பிடித்து ஊதினாள். அப்போது அவன் நண்பன் செப்பே ஒரு ஜெர்மன்காரியோடு நடந்து வந்தான். அவன் விரலிலும் துணி.

"உனக்கு?" என்றாள் ஜினேத்.

செப்பே ரதாமேசைப் பார்த்தான். "நண்டு."

அவனுக்குப் பின்னால் இன்னொருவன். துணி. நண்டு. குடைக்குக் குடை ஒருவன், எல்லாருக்கும் வலதுகை ஆள்காட்டி விரல். ஜெர்மன்காரி தண்ணீரிலிருந்த பெண்களைப் பார்த்து "நண்டு! நண்டு!" என்று அலறினாள். எல்லாரும் துண்டை விட்டுவிட்டு ஹோட்டலுக்கு ஓடினார்கள். மேனேஜர் என்னிடம் வந்து, "நண்டு இருக்காம், பிடிச்சு மதியச் சாப்பாட்டுல போட்டுரு" என்றார்.

ஜினேத் மட்டும் ஓடவில்லை.

7

இப்போது அவளைப் பேச விடுகிறேன். மூன்று விதமாக எழுதிக் கிழித்தேன். ஒன்றில் அறைந்தாள். ஒன்றில் அழுதாள். ஒன்றில் மயங்கி விழுந்தாள், அது சினிமா. இது மிஞ்சியது.

அவள் துணியை மெதுவாக அவிழ்த்தாள். நீல விரல் வெயிலில் நின்றது.

"நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ, ரதா. முன்னால ரோட்டைப் பார்க்கிறதைவிடக் கண்ணாடியில பின்சீட்டுப் பொய்யைப் பார்த்ததுதான் அதிகம். பல் டாக்டருங்களாம்! ஒருத்தனுக்காவது பல்லு நேரா இருந்துச்சா?"

"தெரிஞ்சேவா இருந்தீங்க?"

"நல்லாத்தானே இருந்துச்சு. எங்க ஊர்ல எனக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட்டுப் பொய் சொல்லல." துணியை மடித்து அவன் கையில் வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சுவரொட்டியில போட்டிருக்கிற மாதிரி உங்க அக்கா ஜெயிச்சு, குளிர்ச்சாலை வந்து, உனக்கு வேலையும் கிடைச்சுதுன்னு வை. அப்பவும் இந்தக் குடைக்குக் கீழ வந்து உட்காருவியா?"

ரதாமேசின் வாயில் வசனம் தயாராக இருந்தது. நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன், நல்ல வசனம். அவன் அதைச் சொல்லவில்லை.

"தெரியல, ஜினேத்" என்றான்.

பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. செப்பே தலையில் அடித்துக்கொண்டான். "அட மடையா! 'ஆமா'ன்னு சொல்லுடா!"

8

முடிவு என்று மூன்று வைத்திருந்தேன். மொன்ட்ரியாலில் பனி அள்ளும் ரதாமேஸ். குளிர்ச்சாலையில் மீன் வெட்டும் ரதாமேஸ். (யுபெல்கிஸ் ஜெயித்துவிட்டாள். முதல் கூட்டத்தில் குளிர்ச்சாலை கேட்டாள். ஒரு குப்பைத்தொட்டி தந்திருக்கிறார்கள். மூடியை அடுத்த ஆண்டு தருவார்களாம்.) மூன்றாவது, தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு புதுக் குடை தேடும்...

வேண்டாம்.

ஏனென்றால் அதற்குள் கடற்கரையில் அவர்களைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. சாங்கிகள் எல்லாரும் துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு நீல விரல்களைத் தூக்கினார்கள். "கூட்டிட்டுப் போங்க அம்மா! நல்லவன்!" என்றான் செப்பே. "எண்ணிப் பாருங்க, பெரும்பான்மை!"

ஜினேத் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இந்தத் தேர்தல்ல வாக்காளர் நான் ஒருத்திதான். கையை இறக்குங்க."

"அப்போ ஓட்டு யாருக்கும்மா?" என்றான் செப்பே.

"ரகசிய ஓட்டு. இவன்கிட்டகூட இப்போ சொல்ல மாட்டேன்."

சொல்லவில்லை. ரதாமேஸ் இன்னும் வாய் திறந்தபடி நிற்கிறான். நான் நினைத்தால் அவள் மனசுக்குள் புகுந்து பார்த்துவிடலாம், எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் அடுத்தவர் ஓட்டை எட்டிப் பார்க்கிற நாட்டுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பார்க்க மாட்டேன். நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள்.