ஒன்றரைக் கட்டை கீழே

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் எனக்குக் கிடைத்தது. ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நாற்பது வருடமாக ஆண் குரலிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய ராக் குழு இனிமேல் பாடகிகளோடு டூயட் பதிவு செய்யலாமா கூடாதா என்று யாரோ கேட்டிருந்தார். கீழே முந்நூறு பேர் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதில் கருத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஒருவர் மட்டும் ‘கூடாது’ என்று பதினேழு முறை எழுதியிருந்தார். இந்த மனிதருக்கு அப்படி என்ன பயம்? பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் அந்தக் ‘கூடாது’க்காரர் கையில் ஒரு கிதாரைக் கொடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: “மேடை அதிர்ந்தது. ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில்...”

வேண்டாம். ராக் என்றால் மேடை அதிர்ந்தே ஆகவேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்?

இரண்டாவது: “கிதார்க்காரருக்கு அன்று காலையிலிருந்தே வயிறு சரியில்லை.”

இது என் வயிற்றுக்கும் பொருந்துவதால் இருக்கட்டும்.

டயர் கடைக்கு மேலே, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒத்திகை அறை. மூன்று பேர்தான் நிரந்தரம்: பாடகர், கிதார்க்காரர், டிரம்மர். பேஸ் கிதார் வாசிக்க வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்; சொன்ன சுருதியில் வாசித்துவிட்டுப் போவார்கள். பாடகர், கிதார்க்காரருடைய அக்காவின் கணவர். டூயட் வேண்டும் என்று அத்தானும் டிரம்மரும் சொல்ல, கிதார்க்காரர் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார். குழுவின் வரலாறு, ரசிகர்களின் மனசு, பழைய பாட்டின் முரட்டுத்தனம் என்று வாய்க்கு வந்த காரணத்தையெல்லாம் அடுக்கினார். எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருந்தன. எதுவும் உண்மையில்லை.

3

உண்மை இது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு கச்சேரியில், அவர்களுடைய பிரபலமான பாட்டின் உச்சியில் அத்தானின் குரல் உடைந்தது. அந்த வாரம் முழுக்க அத்தான் யாரோடும் பேசவில்லை. பாடுவதையே விட்டுவிடப் போவதாக மட்டும் ஒருமுறை சொன்னார். அக்கா தம்பியைக் கூப்பிட்டு, பாட்டை விட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று தனக்குத்தான் தெரியும், ஏதாவது செய்யடா என்று அழுதாள். தம்பி செய்தது ஒன்றுதான். அத்தானிடம் சொல்லாமல் கிதார்த் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை அரைக் கட்டை இறக்கினார். அடுத்த கச்சேரியில் குரல் எட்டிவிட்டது. மேடையிறங்கியதும் அத்தான் அவரைக் கட்டிப்பிடித்து, திரும்ப வந்துவிட்டது பார்த்தாயா என்று தேம்பினார். நான்கு வருடம் கழித்து இன்னொரு அரை. அப்புறம் இன்னொன்று. வெளியிலிருந்து ஒரு பாடகி வந்து பாடினால் இதெல்லாம் அம்பலமாகிவிடும்.

(என் கவலை: பாடுகிறவருக்கே தெரியாமலா இருக்கும்? அத்தான் எந்த வாத்தியமும் தொடமாட்டார். தன் பழைய பதிவுகளை வீட்டில் போடவே விடமாட்டார். தயவுசெய்து நம்புங்கள். நம்பாவிட்டால் கதை இங்கேயே படுத்துவிடும்.)

4

இரண்டுக்கு ஒன்று; டூயட் பாடுவதென்றே முடிவாயிற்று. பாடகிக்குப் பயிற்சி செய்ய ஏதாவது அனுப்புங்கள் என்று பாட்டை வெளியிடுகிற கம்பெனியில் கேட்டார்கள். கிதார்க்காரர் அந்தப் பிரபலமான பாட்டின் பழைய பதிவையே அனுப்பிவைத்தார். ஆமாம், அவரேதான். பன்னிரண்டு வருடமாக இறங்கிய சுருதியிலேயே வாசித்து வாசித்து, அதுதான் பாட்டு என்று அவருக்கே ஆகிவிட்டிருந்தது. பதிவு நாளன்று காலை, ரொட்டியைக் கடிக்கும்போதுதான், அனுப்பிய பதிவு இறக்காத பழைய சுருதியில் இருப்பது உறைத்தது. அப்போது ஆரம்பித்ததுதான் வயிறு.

5

முதல் வரைவில் பாடகிக்கு வசனமே கிடையாது. என் மனைவி படித்துவிட்டு, “இந்தம்மா குட்டை உடைக்க மட்டும்தான் வர்றாங்களா? அவங்களுக்குன்னு ஒரு தொண்டை கிடையாதா?” என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆகவே திருத்துகிறேன்.

ஐம்பதை நெருங்குகிற பாடகி, வெந்நீர் பிளாஸ்க்கோடு பதிவு அறைக்கு வந்தார். முதல் வரியைத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். கிதார்க்காரரைப் பார்த்தார். ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டு வெளியே போனார். கிதார்க்காரரும் பின்னாலேயே ஓடினார்.

“ஒன்றரைக் கட்டை கீழ வாசிக்கிறீங்க. உங்க பாடகருக்குத் தெரியுமா?”

கிதார்க்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

“எனக்கும் இறக்கினாங்க. என் வீட்டுக்காரர்தான் கீபோர்டு. ஆறு வருஷம். குரல் போனதுகூட எனக்கு வலிக்கலைங்க. ஒவ்வொரு கச்சேரி முடிஞ்சதும், உன் குரல் அப்படியே இருக்குன்னு சொன்னார் பாருங்க, அதுதான் இன்னும் ஆறல.”

பிளாஸ்க்கை மூடினார். “நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். அது உங்க வேலை. ஆனா அவருக்குத் தெரியாம அவர் பக்கத்துல நின்னு பாடவும் மாட்டேன்.”

* இந்த இடத்தில் கிதார்க்காரர் என்னைத் திட்டியிருப்பார். பாடகியை வசனம் இல்லாமலேயே விட்டிருக்கலாமே என்று.

6

ஒரு முடிவு: பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி டூயட்டைக் கைவிடுகிறார்கள். எல்லோரும் சுகம். என்னைத் தெரிந்தவர்கள் நான் இதைத்தான் எழுதுவேன் என்பார்கள்.

இன்னொன்று: அத்தான் சிரித்துக்கொண்டே, “எனக்கு அப்பவே தெரியும் மாப்ள” என்கிறார். உங்கள் கண் கலங்கும். அதனாலேயே அடித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

மூன்றாவது: கிதார்க்காரர் சொல்லிவிடுகிறார். அத்தான் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக

(இதற்கு மேல் போக எனக்குத் தைரியம் வரவில்லை.)

7

கிதார்க்காரர் உள்ளே வந்தார். கதவைச் சாத்தவில்லை. அத்தான் மைக்கின் முன் நின்றிருந்தார், புதுச்சட்டை, முகமெல்லாம் பூரிப்பு. பாடகி எங்கே என்று கேட்டார். மச்சினன் தனியாக வந்ததைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார்; அதாவது, தவறாக. அருகில் வந்து தோளில் கைபோட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எட்டலையா அவங்களுக்கு? பாவம். ஒரு அரைக் கட்டை இறக்கிடு மாப்ள. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் எதுலயும் பாடுவேன். ஆனா அவங்ககிட்ட சொல்லிக்காத. மனசு விட்டுப்போயிடும்.”

கிதார்க்காரரின் விரல்கள் தந்தியை முறுக்கும் ஆணியில் இருக்கின்றன. வாயைத் திறந்துவிட்டார். இந்த இடத்தை நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் அவர் “சரி அத்தான்” என்றுதான் சொல்கிறார். என்னால் அவரை வேறு எதுவும் சொல்லவைக்க முடியவில்லை. ஆகவே நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். கதவு திறந்திருக்கிறது, அந்தம்மா வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.