தூசி படாத இடம்

பின்கதவுக்கும் வண்டியின் தளத்துக்கும் நடுவே இருந்த சந்தில் ஸுவைனாவின் சுண்டுவிரல் முழுதாக நுழைந்தது. ரப்பர் பட்டையை அதில் திணித்து, கத்தி முனையால் அழுத்திக்கொண்டே போனாள். விரல்களில் இன்னும் கற்பூர வாசனை. காலையில் மருத்துவமனையில் உம்மாவின் உடலைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றியவர்களில் அவளும் ஒருத்தி.

"போதும்க்கா. அஸர் தொழுகைக்கு முன்னாடி ஊர் போய்ச் சேரணும்," என்றான் தம்பி ஹிலால்.

"முப்பது கிலோமீட்டர் சரளை ரோடு. குளிப்பாட்டினவங்களை மாவுல புரட்டின மாதிரி இறக்குவியா?"

"ஆம்புலன்ஸ் சாயங்காலந்தான்னுட்டாங்க. நான் என்ன பண்ண?"

"உன்னை யாரு என்ன சொன்னா? டேப்பை எடு."

ஸுவைனாவின் வீட்டுக்கு இந்த வண்டியில் வரும்போதெல்லாம் உம்மா இருமி முடிக்க அரைமணி நேரமாகும். முடித்ததும், "பாதி ஊரை நெஞ்சுல ஏத்திக்கிட்டு வந்துட்டேன்டி," என்று சிரிப்பாள். இன்று திரும்பிப் போகிற பயணம். ஊர் எல்லையில் ஆண்கள் வாங்கிக்கொள்வார்கள். அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. அதுவரைக்கும்தான் உம்மா அவள் பொறுப்பு.

வண்டியின் பின்புறத் தகரக் கூண்டின் முன்பக்கம், கூரையை ஒட்டி ஒரு சிறு சன்னல் திறந்திருந்தது.

"இதை ஏன்டா விட்டுவச்சிருக்க?"

"அது திறந்துதான் இருக்கணும். முன்னாடி காத்து உள்ள போனாத்தான் பின்னாடி தூசி ஏறாது."

"சன்னலைத் திறந்தா தூசி வராதுன்னு சொல்ற ஒரே ஆளு நீதான்."

அவன் சாவி எடுக்கப் போன நேரத்தில், அவள் சன்னலை இழுத்துச் சாத்தி அதன் மேலும் டேப் ஒட்டினாள்.

உம்மாவைப் பலகையோடு பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தார் ரோடு முடிந்து சரளை தொடங்கியது. கொஞ்ச தூரம் போனதும் முன் இருக்கையிலிருந்து பின் கண்ணாடி வழியே பார்த்தவளுக்கு உள்ளே புகை மண்டியது போலிருந்தது.

"நிறுத்து, ஹிலால்."

பின்கதவைத் திறந்தார்கள். டேப்புகள் ஒட்டியபடியே இருந்தன. கதவின் கீல்கள் வழியே, விளக்குக் கம்பி போகும் துளை வழியே உறிஞ்சிக்கொண்டு வந்திருந்தது தூசி. கஃபனின் வெள்ளை மங்கிவிட்டது. ஹிலால் முன் சன்னலைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"நான்தான் மூடினேன்," என்றாள்.

ஹிலால் உள்ளே ஏறினான். டேப்பை உரித்துச் சன்னலைத் திறந்தான். அவள் பின்னால் ஏறினாள்.

"குலுங்கும்க்கா. முன்னாடி வா."

"மெதுவா ஓட்டு."

ஒரு மடிப்பும் கலையாமல், தலைப்பக்கத்திலிருந்து விரல் நுனிகளால் தட்டித்தட்டி எடுத்தாள். தன் கறுப்பு அபாயா அங்கியைக் கழற்றி உம்மாவின் மேல் போர்த்தி, ஓரங்களைப் பலகையின் அடியில் செருகிக்கொண்டாள். மிச்ச தூரம் முழுக்க, கலையாதிருக்க அதன் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஊர் எல்லையில் ஆண்கள் காத்திருந்தார்கள். வண்டி நின்றதும் அவள் அபாயாவை உருவி அணிந்துகொண்டாள். உம்மாவின் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இந்த ரோட்டுல எப்படிப்பா இவ்வளவு சுத்தமா கொண்டுவந்தீங்க?"

"அக்காதான் மாமா," என்றான் ஹிலால். அவள் பக்கம் அவன் திரும்பவில்லை.

பலகையோடு தூக்கினார்கள். தோள் மாற்றி, தோள் மாற்றி, சரிவில் வேகமாக இறங்கிப் போனார்கள்.

"இறங்கி வாம்மா. கண்ணிமையெல்லாம் மண்ணு. முகம் கழுவு," என்று எல்லையோர வீட்டு வாசலிலிருந்து யாரோ அழைத்தார்கள்.

"வர்றேன்."

வண்டியின் தளம் முழுவதும் பழுப்பாகத் தூசி படிந்திருந்தது, பலகை இருந்த இடத்தைத் தவிர. அங்கே மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குத் தகரம் பளிச்சென்று தெரிந்தது. அதன் மேல் பட்டுவிடாமல் ஸுவைனா கால்களை மடக்கிக்கொண்டாள்.