ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் கிலோமீட்டர்

பூமிக்கு அரை அங்குல பேரிங் குண்டு சரியாகப் பொருந்தியது. அரை அங்குலம் என்றால் பன்னிரண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டர். பூமியின் விட்டம் பன்னிரண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், என் டிராயரில் ஆறு வருடமாக உருண்டுகொண்டிருந்த எஃகுக் குண்டுதான் பூமி. வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு பக்கமும் அளந்து பார்த்தேன். பிசகவில்லை. நான்கு மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

நான்கு மாதத்துக்கு முன்புவரை ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருந்தேன். இரவு ஷிஃப்ட். ஒருநாள் படப்பை வழியாகப் போகும் கம்பெனி பஸ் வந்து நின்றபோது ஏறவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளும் ஏறவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இரவு விழிப்பது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். என் மனைவி கோகிலவாணியிடமும் அதையேதான் சொன்னேன். அவள் மேடவாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். தற்காலிக வேலை. அடுத்த வாரம் நிரந்தரம் செய்யப்படுவோரின் பட்டியல் வரும் என்று சொல்லியிருந்தார்கள். கோவிலம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் இந்த ஒன்றரை அறை வீடு அவள் சம்பளத்தில்தான் நடக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஜூன் மாதம் அவளும் வீட்டில் இருப்பாள். இதை நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பேசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை பள்ளியில் கண்காட்சி. தாளாளர் சத்தியநாதன் ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு தலைப்பு கொடுத்திருந்தார். வாணிக்கு 'கோள்களும் துணைக்கோள்களும்: அளவு ஒப்பீடு'. "சும்மாதான இருக்கீங்க, நீங்களே பண்ணிக் குடுங்க" என்றாள். சும்மா இருப்பது உண்மை என்பதால் கோபம் வரவில்லை.

வியாழனுக்கு நூற்று நாற்பத்து மூன்று மில்லிமீட்டர் வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் நூற்றைம்பது மில்லிமீட்டர் தெர்மாகோல் உருண்டை கிடைத்தது. வாங்கி வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குறைத்தேன். வீடு முழுக்க வெள்ளைத் தூள். சனிக்கு நூற்று இருபது. யுரேனஸும் நெப்டியூனும் ஏறக்குறைய ஒரே அளவு, ஐம்பதை ஒட்டி. சிறியவற்றைக் குழாய் ஒழுகல் அடைக்கும் எம்சீலைப் பிசைந்து உருட்டி, ஈரமாக இருக்கும்போதே ஒரு குண்டூசியைச் செருகிக் காயவைத்து, பிறகு தேய்த்தேன். செவ்வாய் ஆறு புள்ளி எட்டு. நம் நிலா மூன்றரை. சனியைச் சுற்றும் டைட்டன் ஐந்து புள்ளி ஒன்று ஐந்து. வியாழனைச் சுற்றும் கானிமீட் ஐந்து புள்ளி இரண்டு ஏழு. புதன் நான்கு புள்ளி எட்டு எட்டு. இந்த இடத்தில் நான் கையை நிறுத்திவிட்டு மறுபடியும் போனில் பார்த்தேன். மூன்று இடங்களில் பார்த்தேன். புதன் கோள். கானிமீட் அதற்குக் கீழ்ப்பட்ட வகை, இன்னொன்றைச் சுற்றிக்கொண்டு கிடப்பது. ஆனால் புதனைவிடப் பெரியது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். யார் யாரைச் சுற்றுகிறார்கள் என்பது வேறு, யார் எவ்வளவு பெரியவர் என்பது வேறு. அதற்குமேல் யோசிக்கவில்லை. உப்புத்தாளில் இரண்டு இழுப்பு கூடப் போனால் கானிமீட் டைட்டனாகிவிடும். கவனம் அதில்தான் இருந்தது.

வீட்டுக்காரம்மா சாமுண்டீஸ்வரி வாசலில் வந்து நின்றார். இந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் வயல்.

"தண்ணி லாரி வந்துகினு கீது சார், குடத்த எட்து வெளிய வை. இன்னா இது, கோலிகுண்டா?"

"பூமிங்க."

"இதுவா?" குண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு வியாழனைப் பார்த்தார். "அப்ப அது?"

"வியாழன்."

"குரு பகவானா? அவரு அம்மாம் பெருசா குந்திகினு கீறாரு, நாம இம்மாத்தூண்டா? இதுலயா என் நாலு கிரவுண்டு கீது?"

"இதுலதான்."

"தாலுக்கா ஆபீஸ்ல சொல்லிடாத சார். பட்டாவ புடுங்கிக்குவான்." குண்டைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மாலை வாணி வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. கறுப்பு அட்டை ஒட்டிய தெர்மாகோல் பலகை. மேல் வரிசையில் கோள்கள், கீழ் வரிசையில் துணைக்கோள்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறு அட்டையில் பெயரும் அளவும். பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அப்படி அவள் என்னைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பிறகு அட்டைகளைப் படித்துக்கொண்டே வந்தவள் கீழ் வரிசையில் நின்றுவிட்டாள்.

"கானிமீட் அஞ்சு புள்ளி மூணா?"

"ஆமா. ரெண்டு தசமம் எழுதினா ஜனங்களுக்குப் புரியாதுன்னு ஒண்ணோட நிறுத்திட்டேன்."

"புதன் நாலு புள்ளி ஒம்போது."

"ஆமா."

பையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகுதான் சொன்னாள். அரையாண்டுத் தேர்வில் சரியா தவறா என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறாள். 'எந்தத் துணைக்கோளும் எந்தக் கோளையும் விடப் பெரியது அல்ல.' சரி என்பது அவள் வைத்திருந்த விடை. வகுப்பில் ஈவ்லின் என்றொரு பெண் மட்டும் தவறு என்று எழுதியிருந்தாள். வாணி சிவப்பில் அடித்துவிட்டாள். அந்த ஒரு மதிப்பெண்ணில் அந்தப் பெண்ணுக்கு முதல் இடம் கைநழுவிப் போயிற்று. அவள் அம்மா ஜெயசீலி பள்ளிக்கு வந்து கேட்டார். தாளாளர் அறையில் வைத்து வாணி சொன்னாளாம், சுற்றிவருவது எப்போதும் சிறியதாகத்தான் இருக்கும், இது அடிப்படை என்று. சத்தியநாதனும் தலையாட்டி, "மிஸ் சொன்னா கரெக்டா இருக்கும்மா. பொண்ணை நல்லா படிக்கச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

"நெட்ல ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?" என்றேன்.

"நாப்பத்தெட்டு பேப்பர். ஒரே நாள்ல திருத்திக் குடுக்கணும். நீங்க அப்ப தூங்கிட்டு இருந்தீங்க."

உண்மைதான். அப்போது நான் பகலெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டையும் மாத்தி வெச்சிடுங்க" என்றாள் என்னைப் பார்க்காமல். "அரை மில்லிமீட்டர் கூட இல்ல. யாரு அளந்து பாக்கப் போறாங்க?"

இந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் பாலு சொன்னான். வண்டி பிரேக்கில் போகிற ஒரு சிறு பாகம். துளை எட்டு மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்குவரை கூடலாம், குறையலாம். இரண்டாயிரத்து நானூறு துண்டுகள் கொண்ட அந்த லாட் முழுக்க அதைத் தாண்டியிருந்தது. "மச்சான், லாரி வெளிய நிக்குது. யாரு அளந்து பாக்கப் போறா? கையெழுத்தப் போடு." போட்டேன். யாரும் மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. பேனா சட்டைப் பையில் இருந்தது, எடுத்தேன், போட்டேன். எதுவும் நடக்கவில்லை. புகார் வரவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் வேலைக்குப் போனேன். ஆனால் மேடவாக்கம் கூட்ரோட்டில் ஒவ்வொரு வண்டி பிரேக் அடிக்கும்போதும் திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அந்த இரண்டாயிரத்து நானூறு துண்டுகளும் எந்த வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

வாணியிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் தன் கோரிக்கையை விட்டிருப்பாள், தாளாளரிடம் சொன்னது பொய்யாகி அவள் வேலையும் போயிருக்கலாம். சொல்லவில்லை. குண்டூசிகளைப் பிடுங்கி இடம் மாற்றிக் குத்தினேன். இரண்டு புது அட்டை எழுதினேன். புதன் 5.3. கானிமீட் 4.9. ஒரு நிமிட வேலை. இரண்டாவது தடவை என்பதால் கை பழகியிருந்தது.

சனிக்கிழமை காலை பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். பள்ளி மாடியில் வகுப்பறைகளைச் சேர்த்துக் கண்காட்சி. பக்கத்து மேசையில் சமையல் சோடாவில் எரிமலை பொங்கிக்கொண்டிருந்தது, கூட்டம் முழுக்க அங்கே. எங்கள் மேசைக்குப் பின்னால் சுவரில் ஆணியில் நூல் கட்டி, சாக்பீஸால் ஒரு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் அகல வட்டம் போட்டேன். சூரியன். அதன் முன்னால் வியாழனே பரிதாபமாக இருந்தது. பெற்றோர்கள் வந்தார்கள், பூமியை முன்னால் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். புதனையும் கானிமீடையும் யாரும் பார்க்கவில்லை. வாணி சொன்னது சரிதான் என்று தோன்றியது.

பதினொரு மணிக்கு ஈவ்லின் வந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய இரட்டைச் சடை, கையில் ஒரு நோட்டு. அவள் யார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, வாணியின் தோள் இறுகியதில் தெரிந்தது. பெண் எரிமலைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே வந்து வியாழனிலிருந்து ஒவ்வொரு அட்டையாகப் படித்தாள். கீழ் வரிசையில் நின்றாள். ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துக் கானிமீடின் கீழே வைத்தாள், பிறகு புதனின் கீழே.

"ரெண்டுமே அஞ்சுன்னுதான் மிஸ் தெரியுது."

"சின்ன ஸ்கேல்ல அவ்ளோதான் தெரியும்" என்றாள் வாணி.

"இதெல்லாம் யாரு மிஸ் அளந்தது?"

"சார்தான். கம்பெனில அளக்கறதுதான் அவருக்கு வேலையே."

ஈவ்லின் என்னைப் பார்த்தாள். சந்தேகமாக இல்லை, மரியாதையாக. பிறகு நோட்டைத் திறந்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள், கோள்கள், துணைக்கோள்கள், கிலோமீட்டரில் விட்டம். நான் போனில் பார்த்த அதே எண்கள்.

"அப்ப நான் எழுதினதுதான் தப்பு மிஸ். லைப்ரரி புக்ல பாத்து எழுதினேன். பழைய புக்கு. அம்மாவை வேற கூட்டிட்டு வந்துட்டேன். சாரி மிஸ்." சொல்லிக்கொண்டே ரப்பரை எடுத்து, மேசை ஓரத்தில் நோட்டை வைத்து, கானிமீடுக்கு நேரே இருந்த எண்ணை அழிக்க ஆரம்பித்தாள். அழுகையெல்லாம் இல்லை. தப்பைத் திருத்துகிற பிள்ளையின் கவனம். ஐந்து போயிற்று. இரண்டு பாதி போயிற்று.

வாணி அவள் கையைப் பிடித்தாள்.

"அழிக்காத."

"மிஸ்?"

"அழிக்காதன்றேன்ல." பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினாள். "ஏங்க, வெர்னியர் கொண்டு வந்தீங்களா?"

பேண்ட் பையில்தான் இருந்தது. வேலையை விட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போய்ப் பழகவில்லை. அதற்குள் அவள் இரண்டு குண்டூசிகளையும் பலகையிலிருந்து பிடுங்கிவிட்டாள். உள்ளங்கையில் இரண்டு சாம்பல் நிற உருண்டைகள். பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது.

எரிமலை அடங்கியிருந்தது. சத்தியநாதன் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் மேசைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஜெயசீலியும் இரண்டு மூன்று பெற்றோர்களும்.

"என்ன மிஸ், எதாவது பிராப்ளமா?"

"இல்ல சார். அளக்கறோம்." அவள் குரல் வகுப்பில் பாடம் எடுக்கிற குரலாக இருந்தது. "அன்னிக்கு உங்க ரூம்ல நான் சொன்னது தப்பு சார். கானிமீட் புதனைவிடப் பெருசு. ஈவ்லின் எழுதினதுதான் கரெக்ட்."

சத்தியநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகைமேல் குனிந்தார். ஜெயசீலி மகளைப் பார்த்தார்.

"ஆனா இந்த அட்டைல வேற மாதிரில்ல எழுதியிருக்கு" என்றார் தாளாளர். "இது யாரு எழுதினது? பிள்ளைங்களா?"

வாணி வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியாது.

"என் கையெழுத்துதான் சார்" என்றேன். "தெரிஞ்சேதான் எழுதினேன்."

அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு உருண்டையை என் கையில் கொடுத்தாள். "சத்தமா சொல்லுங்க" என்றாள்.

வெர்னியரின் தாடைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக நெருக்கினேன். தாடையை அழுத்திப் பிடித்தால் அளவு ஏமாற்றிவிடும். தொட்டதும் தொடாததுமாக நிறுத்தி, ஜன்னல் பக்கம் திருப்பினேன். முதன்மைக் கோலில் ஐந்தைத் தாண்டியிருந்தது. கீழே இருக்கும் நுண்கோடுகளில் ஒன்று மட்டும்தான் மேல்கோட்டோடு நேராகச் சேரும். அதைத் தேடினேன். சத்தியநாதனின் மூச்சு என் தோளில் பட்டது. ஈவ்லின் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி அழிந்த எண்ணின் மேல் ரப்பர் துகள்கள் ஊதிவிடப்படாமல் அப்படியே கிடந்தன.