முந்தி வந்த கட்டுரை

தீபாவளிக்கு மறுநாள் பிரியந்தியின் கைபேசி அடித்தபோது, அவள் டயகம தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீடுகளுக்குப் பொதுவான பீலித் தண்ணீரடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அழைத்தவர் பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியர் குணபூசணி.

“பிள்ளை, மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேளும். எங்கட புரதத்தைப் பற்றி வெளிநாட்டுக்காரர் கட்டுரை போட்டிட்டினம். நீர் போன மாசம் கண்டதைத்தான் அவையும் கண்டிருக்கினம்.”

“சரிங்க மெடம்.”

“அழுறீரோ?”

“இல்லைங்க மெடம்.”

உண்மையிலேயே அழுகை வரவில்லை. ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்கள் கொதிக்கும் ஊற்றிலும் கெட்டி உப்பிலும் உயிர் தரிப்பவை. புத்தளம் உப்பளத்துச் செந்நீரைப் போத்தலில் பிடித்து வந்து, நான்கு வருடங்கள் அவற்றை வளர்த்தாள். பார்த்த ஆர்க்கியா அத்தனையிலும் ஒரு புரதக் குடும்பம் மாறாமல் இருந்தது. எதற்காக என்று யாருக்கும் தெரியாது. புதுப் புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து போகும் ரி.ஆர்.என்.ஏ.யில் அது மெதைல் என்ற சின்ன அணுக்கூட்டம் ஒன்றை ஒட்டுகிறது. ஒட்டாவிட்டால், சூடேறும்போது ரி.ஆர்.என்.ஏ.யின் மடிப்பு குலைகிறது. அதைத்தான் அவள் கண்டிருந்தாள்.

கொழுந்துக் கூடையைக் கழுவ வந்த தாய் அம்மாக்கண்ணு கேட்டாள்.

“யாரு போன்ல?”

“மெடம். நான் கண்டுபுடிச்சத வேற ஆளுங்க முந்தி எழுதிட்டாங்களாம்.”

“ஒன்னோடதப் பாத்து எழுதிட்டாங்களா?”

“இல்லம்மா. அவங்களும் கஷ்டப்பட்டுத்தான் செஞ்சிருக்காங்க.”

“அப்ப யாரத் திட்டுறது?”

“யாரையும் இல்ல.”

திட்டத் தயாராக வாயெடுத்த அம்மாக்கண்ணு, கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளருகே கல்லில் உட்கார்ந்தாள்.

“படிப்ப நிப்பாட்டிருவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப எந்திரி. சாப்பிடுவோம்.”

பிரியந்தி சாப்பிட்டாள். லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் நாகலெட்சுமி முறுக்கு கொண்டுவந்து, படிப்பு எப்போது முடியும் என்று விசாரித்தாள். பிரியந்தி சிரித்துப் பதில் சொன்னாள். நாகலெட்சுமி போன பிறகு, என்ன சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவில்லை.

மறுவாரம் பேராசிரியர் ஒரு வழி சொன்னார். “அந்த வெளிநாட்டுக்காரர் செய்தது வெந்நீரூற்று உயிரில. எங்கட உப்பு உயிரில இதே குடும்பத்தில இன்னொரு புரதமும் இருக்கு. அது என்ன செய்யுதெண்டு பாப்பம்.”

பார்த்தாள். அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஆய்வேட்டை முடித்தாள். ‘முன்னர் அறியப்பட்ட இச்செயல், உப்பில் வாழும் ஆர்க்கியாவிலும் உறுதிசெய்யப்படுகிறது’ என்ற வரியைத் தானே தட்டச்சு செய்தாள். தாகமாக இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அடுத்த பக்கத்தைத் தொடங்கினாள்.